சடையில் தாங்கிய கங்கை

திருச்சிற்றம்பலம்



எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் இத்திருக்கோயிற் பெருவிழா இனிது நடைபெற்று வருகின்றது. கொடியேறிய நாள் தொட்டு, பெருமானும் அம்மையும் நாளுக்கு ஓர் ஊர்தியில் எழுந்தருளித் திருவீதிக்காட்சி நல்கி வருகின்றார்கள். அக்காட்சியில் மகிழ்ந்த கண்ணுக்குத் துணையாகச் செவிக்கும் நல்விருந்து வேண்டும் என்று கருதி, விழாக் குழுவினர் இரவுதோறும் ஒரு சொற்பொழிவை அமைத்துள்ளனர். இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் ‘சடையில் தாங்கிய கங்கை’ என்பது.

பெருமானுடைய திருச்சடையில் கொன்றை உண்டு, பிறை உண்டு, பாம்பு உண்டு, கங்கையும் உண்டு. அவற்றுள் ஒன்றேனும் அழகுக்காக மட்டும் அணியப்பெற்றதன்று. தக்கன் சாபத்தால் தேய்ந்து அடைக்கலம் புகுந்தது பிறை. உலகம் அழியாதிருக்கத் தாங்கப்பெற்றது கங்கை. இவற்றைப் பழங்கதை என்று கேட்டுவிட்டு வீடு திரும்பிவிடலாகாது. அந்தக் கங்கை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றாள். அவளைத் தாங்கும் சடை யாது? அச்சடைக்கு நம் காலத்தில் நேர்ந்தது யாது? அடியார்களாகிய நமக்கு அதில் உள்ள கடமை யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

பகீரதன் தவம்

சகரன் என்னும் மன்னனின் புதல்வர் அறுபதினாயிரவர் கபில முனிவரின் சினத்தால் சாம்பலாயினர். அவர்கள் நற்கதி பெற வேண்டுமாயின் வானகத்துக் கங்கை மண்ணகத்திற்கு வரவேண்டும். அதற்காகப் பகீரதன் நெடுங்காலம் தவம் செய்தான். நான்முகன் அவன்முன் தோன்றி, ‘கங்கையைத் தருகின்றேன், ஆயின் அவள் விழும் வேகத்தை நிலம் தாங்காது, தாங்கவல்லவன் சிவபெருமான் ஒருவனே, அவனை வேண்டுக’ என்றான். பகீரதன் மீண்டும் தவத்தில் நின்றான். பெருமான் இசைந்தான். கங்கையோ, உலகத்தையே உருட்டிச் செல்வேன் என்னும் செருக்கோடு பாய்ந்தாள். பாய்ந்தவள் சடைக்காட்டினுள் வழி தெரியாது ஒடுங்கினாள். பகீரதன் மூன்றாம் முறையும் வேண்ட, பெருமான் அவளைச் சிறிது சிறிதாக விடுத்தருளினான்.

இக்கதையின் நுட்பம் நோக்கத்தக்கது. நீர் வேண்டும், நீரின்றி உலகியல் இல்லை. எனினும், தாங்குவார் இன்றி விழும் நீர் உயிரைக் காவாது; உயிரைக் கொல்லும். ஆதலின் மழையைப் பெறுவது பாதி அருள். பெற்ற மழையைத் தாங்கிச் சிறிது சிறிதாக விடுப்பது மறுபாதி அருள். வானத்திலிருந்து வருவதை நாம் அமைக்க இயலாது. தாங்குவதைக் காக்கவோ அழிக்கவோ நம்மால் இயலும். மனிதனுக்குரிய பொறுப்பு அங்கேதான் தொடங்குகின்றது.

நீரும் அவன் திருமேனி

நம் சைவநெறி இறைவனை அட்டமூர்த்தி என்று போற்றுகின்றது. நிலம், நீர், தீ, காற்று, வான், ஞாயிறு, திங்கள், உயிர் ஆகிய எட்டும் அவனுடைய வடிவங்கள். திருவானைக்காவில் அப்புலிங்கமாய் நீரிடை எழுந்தருளியிருப்பவனே ஓடும் ஆற்றிலும் நிறைந்திருக்கின்றான். ஆதலின் கோயிலுக்குள் இருப்பது மட்டுமே இறைவடிவம், கோயிலுக்கு வெளியே ஓடுவது வெறும் தண்ணீர் என்று பிரித்துக் காண்பதற்கு நம் நெறியில் இடம் இல்லை. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் ஒருசேர எண்ணிய முன்னோர் வழியில் வந்தவர்கள் நாம்.

கங்கை பிறக்கும் இமயமலைப் பகுதி நமக்கு அயலிடமும் அன்று. அங்கே விளங்கும் திருக்கேதாரம் தேவாரப் பாடல் பெற்ற வடநாட்டுத் தலம். திருஞானசம்பந்தப் பெருமான் திருக்காளத்தியில் நின்றவாறே வடதிசைப் பதிகளை நினைந்து பாடியருளினார் என்பது பெரியபுராணம் காட்டும் செய்தி. கயிலைக் காட்சி காணவேண்டும் என்னும் வேட்கையால் அப்பரடிகள் முதிர்ந்த வயதில் காசியையும் கடந்து வடக்கே நடந்தார். கால் தேய்ந்தபின் உடலால் ஊர்ந்தார். கேதாரத்தின் மலைச்சரிவில் ஒரு மரம் வீழ்ந்தாலும், அச்செய்தி தமிழ்நாட்டுச் சைவர் செவியில் விழவேண்டிய செய்தியே ஆகும்.

மலையின் சடை

கேதாரநாதத்தின் அருகே மந்தாகினி பிறக்கின்றது. பத்ரிநாதத்தின் வழியே அலகநந்தை வருகின்றது. இவ்விரண்டும் ருத்ரப்பிரயாகையில் கூடுகின்றன. கோமுகத்தில் தோன்றிக் கங்கோத்திரி வழியாக வரும் பாகீரதியோடு அலகநந்தை தேவப்பிரயாகையில் கலக்கின்றது. அவ்விடத்திலிருந்துதான் ஆறு கங்கை என்னும் பெயர் பெறுகின்றது. இம்மலைச் சரிவுகளில் அடர்ந்திருந்த காடுகளே கண்ணால் காணத்தக்க சிவன் சடை என்று கொள்ளுதல் பொருந்தும். பெருமழை பெய்யுங்கால் முதல் அடியை இலைத்தொகுதி ஏற்கின்றது. உதிர்ந்து மட்கிய சருகுப் படுகை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. மழை நின்று மாதங்கள் கழிந்த பின்னும் அச்சரிவின் அடியில் ஊற்று சுரக்கின்றது. தாங்குதல், ஒடுக்குதல், சிறிது சிறிதாக விடுத்தல் என்று புராணம் கூறிய மூன்று செயல்களும் ஒரு காட்டிற்குள் நாள்தோறும் நிகழ்கின்றன.

இச்சடையை வணிகத்திற்காக மழித்தால் விளைவது யாது என்பதை 1970-ஆம் ஆண்டு ஜூலையில் அலகநந்தைப் பள்ளத்தாக்கு மக்கள் தம் கண்ணாற் கண்டனர். அப்பெருவெள்ளத்தில் பாலங்களும் சாலைகளும் சிதைந்தன. பேலாகூச்சி என்னும் குடியிருப்பு அடித்துச் செல்லப்பட்டது. மலையிலிருந்து இறங்கிய வண்டலும் கல்லும் நெடுந்தொலைவில் அரித்துவாரத்திலிருந்து செல்லும் கங்கைக் கால்வாயையும் அடைத்தன. மேலே வெட்டிய மரத்திற்குக் கீழே இருந்த உழவனும் விலை கொடுத்தான். துயர் துடைப்புப் பணிக்குச் சென்ற தொண்டர்கள், வெள்ளம் மிகுந்த இடங்களையும் மரம் வெட்டப்பட்ட சரிவுகளையும் ஒருங்கே வைத்து நோக்கினர். அந்த நோக்கிலிருந்துதான் ஓர் அறப்போர் முளைத்தது.

அத்தொண்டர்களுள் முதன்மையானவர் சண்டி பிரசாத் பட். கோபேசுவரம் என்னும் ஊரில், ருத்ரநாதர் கோயிலில் வழிவழியாகப் பூசனை புரியும் குடும்பத்தில் 1934-இல் பிறந்தவர். சர்வோதய நெறியில் ஈடுபட்டு, 1964-இல் தசோலி கிராம சுயராச்சிய சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கி, மலைமக்களுக்குக் காட்டுப் பொருள்களைக் கொண்டு சிறுதொழில் வளர்க்க முயன்றார். பூசனை செய்யும் குடியில் பிறந்த ஒருவர், கருவறையில் வழிபட்ட பெருமானைக் காட்டிலும் கண்டார் என்று நாம் கூறுவதில் தவறில்லை.

மலைமகளின் பிறந்தகம்

உழவுக் கருவி செய்வதற்காக அங்கு என்னும் மரம் சிலவற்றைத் தருமாறு அம்மலைமக்கள் கேட்டபொழுது, வனத்துறை மறுத்துவிட்டது. அதே மரம், நெடுந்தொலைவிலிருந்த ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனத்திற்கு முந்நூறு என்னும் எண்ணிக்கையில் ஒதுக்கப்பெற்றது. ஏருக்கு இல்லாத மரம் பந்தடி மட்டைக்கு இருந்தது! 1973-ஆம் ஆண்டு ஏப்பிரல் 24-ஆம் நாள், மண்டல் என்னும் சிற்றூரில் மக்கள் மேளம் கொட்டிக்கொண்டு காட்டிற்குச் சென்றனர். வெட்ட வந்தால் மரத்தைத் தழுவிக்கொள்வோம் என்றனர். வெட்ட வந்தவர்கள் திரும்பினர். ‘தழுவிக்கொள்’ என்னும் பொருளுடைய ‘சிப்கோ’ என்னும் சொல்லே அவ்வியக்கத்தின் பெயராயிற்று. அந்நிறுவனத்திற்கு மாற்றாகக் காட்டப்பெற்ற இடம் கேதாரநாத வழியில் உள்ள பாட்டா என்னும் ஊரின் காடு. அங்கும் மக்கள் காவல் நின்று மரங்களைக் காத்தனர்.

அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் வியக்கத்தக்கது. ரிஷிகங்கை தௌலிகங்கையோடு கூடும் இடத்தில் ரேணி என்னும் ஊர் உள்ளது. அதன் மேலுள்ள காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் விடப்பெற்றிருந்தன. 1974-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள், நிலத்திற்குரிய இழப்பீட்டுத் தொகை தருவதாகச் சொல்லி ஊர் ஆடவர் சமோலி நகருக்கு அழைக்கப்பெற்றனர். ஆடவர் இல்லாத வேளை பார்த்து மரம் வெட்டுவோர் காட்டை நோக்கி நடந்தனர். அவர்களைக் கண்ட ஒரு சிறுமி ஓடிவந்து கூற, கௌரா தேவி என்னும் கைம்பெண் ஊர்ப் பெண்டிரை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். சென்றவர் இருபத்தெழுவர். கற்றவர் அல்லர், செல்வர் அல்லர். வசைமொழியும் துப்பாக்கி மிரட்டலும் அவர்களை அசைக்கவில்லை. மரத்திற்கும் கோடரிக்கும் இடையே நின்றனர், இரவெல்லாம் காத்தனர். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினர்.

அப்பெண்டிர் கூறிய காரணம் நம் நெஞ்சை உருக்குவது. இக்காடு எங்கள் பிறந்தகம். இதனை வெட்டினால் மலை இடிந்து எங்கள் மேல் வீழும் என்பதே அவர்கள் மொழிந்ததன் சாரம். அன்பர்களே, இமவான் மகளாகத் தோன்றியமையால் அன்றோ நாம் அம்மையை மலைமகள் என்கின்றோம்! அவளுக்கும் அம்மலையே பிறந்தகம். கௌரா என்பதும் கௌரி என்னும் அவள் திருப்பெயரே. காஞ்சியில் மாமரத்தின்கீழ் அம்மை மணலால் இலிங்கம் அமைத்துப் பூசனை புரிந்தபொழுது கம்பையாறு பெருகி வந்தது. அம்மை அஞ்சி ஓடினாளில்லை. இலிங்கத்தைத் தன் இரு கையாலும் மார்பாலும் தழுவிக் காத்தாள். தழுவக் குழைந்த பெருமான் என்று அவ்விறைவனை நாம் போற்றுகின்றோம். வெள்ளத்தின் முன்னே ஒரு பெண், காக்கத்தக்க ஒன்றைத் தழுவி நிற்கும் அக்காட்சியே ரேணியில் மீண்டும் நிகழ்ந்தது.

அத்தழுவல் வீண்போகவில்லை. அரசு அமைத்த வல்லுநர் குழு ஆராய்ந்து மக்கள் அச்சம் மெய்யே என்று கண்டது. அலகநந்தையின் மேல்நிலப் பகுதியில் வணிக வெட்டு பத்தாண்டுகளுக்கு நிறுத்தப்பெற்றது. 1980-களின் தொடக்கத்தில், அக்காலத்து உத்தரப்பிரதேச மலைப்பகுதிகளில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பசுமரம் வெட்டுவதற்குப் பதினைந்து ஆண்டுத் தடை விதிக்கப்பெற்றது. 1982-இல் சண்டி பிரசாத் பட்டுக்கு மகசேசே விருதும், 1987-இல் சிப்கோ இயக்கத்திற்கு உலக விருதொன்றும் கிடைத்தன. விருதைக் காட்டிலும் உயர்ந்தது அவர்கள் தொடர்ந்து செய்த பணி. ஆண்டுதோறும் முகாம் அமைத்து, மொட்டைச் சரிவுகளில் மக்களே மரம் நட்டனர். நட்டவர்களே காவலும் செய்தமையால் கன்றுகள் பிழைத்தன.

மான் ஏந்திய கை

பெருமான் திருக்கரத்தில் மான் ஏந்தியிருக்கின்றான். கேதாரநாதத்தின் பெயரால் 1972-இல் அமைக்கப்பெற்ற வனவிலங்குப் புகலிடம் 975 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புடையது. அது சிறப்பாகப் போற்றிக் காப்பது கத்தூரி மானை. கத்தூரி என்னும் மணப்பொருள் ஆண் மானின் வயிற்றருகே உள்ள ஒரு பையில் ஊறுவது. கண்ணி வைப்பவன் கண்ணிக்கு ஆண் என்றும் பெண் என்றும் தெரியாது. குட்டியும் மடிகின்றது, பிணையும் மடிகின்றது. மானைக் கொன்று பெற்ற மணத்தை, மானை ஏந்திய மூர்த்திக்குச் சாத்துவது எவ்வாறு பூசனையாகும்? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடை செய்துள்ளது. சட்டத்திற்கு அஞ்சி விடுவதினும், அக்கையைக் கண்டு விடுவதே அடியார்க்கு அழகு.

அவிழ்ந்த சடை

இவ்வெற்றிகளோடு உரையை நிறுத்திவிட்டால் கேட்பதற்கு இனிதாக இருக்கும், உண்மையாக இராது. காட்டை வெட்டுவது குறைந்த பின்னர், மலையையே குடைவது மிகுந்தது. மின்னாக்கத்திற்காகக் கங்கையின் மேற்கிளைகளில் அணைகளும் சுரங்க வழிகளும் அடுத்தடுத்து அமைந்தன. மின்சாரமும் சாலையும் மலைமக்களுக்கு வேண்டா என்று கூறுவார் யாரும் இலர். இளமையான, நடுங்கும் இயல்புடைய ஒரு மலை எவ்வளவு தாங்கும் என்று கேட்டவர்கள் மட்டும் இருந்தனர். அவர்கள் சொல் பெரும்பாலும் ஏறவில்லை.

2013-ஆம் ஆண்டு ஜூன் 16, 17 ஆகிய நாள்களில் கேதாரநாதத்தில் நிகழ்ந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். இடைவிடாத பெருமழையும், கோயிலுக்கு மேலே சோராபாரிப் பனிப்பாறையருகே இருந்த ஏரியின் உடைப்பும் ஒன்றுகூடின. மந்தாகினி ஊரை அடித்துச் சென்றது. பள்ளத்தாக்குகளில் மாண்டவரும் காணாமற்போனவரும் நாலாயிரவர்க்கும் மேற்பட்டவர். உருண்டு வந்த ஒரு பெரும்பாறை திருக்கோயிலுக்குப் பின்னே நின்று வெள்ளத்தைப் பிளந்து இருபுறமும் திருப்பியமையால் கோயில் நிலைத்தது. அதனைத் திருவருள் என்று நாம் கண்ணீர் மல்கப் போற்றினோம், போற்றத்தக்கதே. ஆயினும் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெருமான் தன் கோயிலைக் காத்துக்கொண்டான்; ஆற்றுப் படுகையிலே விடுதி கட்டி வழிபட வந்தோரைத் தங்கவைத்தது யார் செயல்? அவ்வாண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் புதிய நீர்மின் திட்டங்களுக்கு இசைவு தருவதை நிறுத்தியது. அது பணித்த வல்லுநர் குழு, அணைத் திட்டங்கள் அழிவை மிகுவித்தன என்று 2014-இல் தெரிவித்தது.

ரேணிக்கு நேர்ந்ததோ இன்னும் துயரமானது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், மேலே உள்ள சிகரத்தின் சரிவிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து ரிஷிகங்கையில் வீழ்ந்தன. அவ்வெள்ளம் ரேணியருகே இருந்த நீர்மின் நிலையத்தை அழித்தது. கீழே தபோவனத்தில் கட்டப்பெற்று வந்த திட்டத்தின் சுரங்கத்திலும் புகுந்தது. இருநூற்றுவர்க்கு மேல் மாண்டனர். அவர்களுட் பலர் கூலிக்கு வந்த தொழிலாளர். அச்சரிவு மரம் வெட்டியதனால் நேர்ந்ததன்று. அதனை எந்தக் காடும் தடுத்திராது. எனினும், அத்தகைய இடர் நிகழத்தக்க ஒடுங்கிய பள்ளத்தாக்கில் வெடி வைப்பதைக் குறித்து அவ்வூரார் 2019-இலேயே நீதிமன்றத்தில் முறையிட்டிருந்தனர். அருகிலுள்ள சோசிமடம், சங்கரர் மரபில் வந்த பழம்பதி. அந்நகர் நிற்கும் நிலம் பழைய மலைச்சரிவின் மண் என்றும், அங்கே பாரமான கட்டடமும் பாறை அகழ்தலும் கூடா என்றும் 1976-ஆம் ஆண்டிலேயே அரசுக்குழு ஒன்று எச்சரித்தது. 2023 ஜனவரியில் அங்கு வீடுகள் வெடித்து மக்கள் வெளியேற்றப்பெற்றனர். சொல்லியும் கேளாமையே இவ்விடர்களில் நாம் காணும் பொதுமை.

கேட்கச் செய்வதற்காக உயிரையே கொடுத்தவரும் உளர். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியற் பேராசிரியராக விளங்கியவர் ஜி. டி. அகர்வால், நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர்-செயலராகப் பணியாற்றியவர். பாகீரதி இயல்பாக ஓடவேண்டும் என்று 2008 முதல் பலமுறை உண்ணாநோன்பு இருந்தார். 2010-இல் லோகாரிநாக் பாலா என்னும் மின்திட்டம் கைவிடப்பெற்றது. 2012-இல் கோமுகம் முதல் உத்தரகாசி வரையுள்ள பகுதி சூழல் காப்புக்குரிய பகுதியாக அறிவிக்கப்பெற்றது. துறவு பூண்டு சுவாமி ஞானசுவரூப சானந்தர் என்னும் பெயர் தாங்கிய அவர், 2018-இல் மீண்டும் நோன்பு தொடங்கி, 111-ஆம் நாள், அக்டோபர் 11-இல் தம் எண்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். பகீரதன் கங்கையைக் கொணரத் தவம் செய்தான்; இவர் அவளை ஓடவிடத் தவம் செய்தார்.

தூய்மையும் துப்புரவும்

மலையிலிருந்து இறங்கிக் காசிக்கு வருவோம். நம் குமரகுருபர அடிகள் திருமடம் அமைத்த ஊர் அது. அங்குள்ள கேதாரத் துறை தமிழர்க்கு உரிமையுடைய துறை. பெருநகரங்களின் சாக்கடையும் கான்பூர்த் தோல் தொழிற்கூடங்களின் கழிவும் ஆற்றில் கலப்பதை நீதிமன்றமும் அரசும் அறியாமல் இல்லை. 1986-இல் கங்கைச் செயல் திட்டமும், 2014-இல் நமாமி கங்கைத் திட்டமும் தோன்றின. பணம் செலவாயிற்று, சில துறைகளில் பயன் விளைந்தது, பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

இங்கே அடியார்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. ‘கங்கை பாவம் அனைத்தையும் போக்குபவள், அவளை யாரால் மாசுபடுத்த இயலும்? மாசடைந்தாள் என்று கூறுவதே குற்றமன்றோ?’ என்பர். இவ்வையத்திற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்தவர் வீரபத்திர மிஸ்ரா. அவர் காசியில் சங்கட மோசனக் கோயிலின் தலைவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியற் பேராசிரியரும் அவரே. 1982-இல் கங்கைத் தூய்மைக்கென ஓர் அறக்கட்டளை தொடங்கி, நீரின் மாசை நாள்தோறும் அளந்து உலகுக்கு அறிவித்தார். அவ்வாறு அளந்த கையாலேயே அந்நீரை முகந்து நாள்தோறும் நீராடினார். 2013-இல் மறையும் வரை இவ்விரண்டையும் அவர் விட்டாரில்லை. தாய் நோயுற்றாள் என்று கூறுபவன் தாயை இகழ்பவன் ஆகான். நோயை மறைப்பவனே அவளை இழப்பான்.

பெருமான் நஞ்சுண்டான், ஆதலின் நாம் நஞ்சை ஊற்றலாம் என்று யாரேனும் கூறுவாரோ? ஆலகாலத்தை அவன் தன் கண்டத்தில் நிறுத்தியது உயிர்கள் அதனைத் தீண்டாதிருக்கும் பொருட்டு. கங்கைநீரை உண்பவர் நீலகண்டர் அல்லர். கரையில் வாழும் ஏழைக் குழந்தைகள்.

அதிபத்தர் வழி

பீகாரில் சுல்தான்கஞ்சு என்னும் ஊரில் கங்கைநீர் முகந்து, காவடியில் சுமந்து, தேவகரில் வைத்தியநாதப் பெருமானுக்கு ஆட்டுவர் வடநாட்டு அடியார். அவ்வூரில் தொடங்கிக் ககல்காவ் வரை உள்ள ஆற்றுப்பகுதி, கங்கை ஓங்கிலுக்காக 1991-இல் புகலிடமாக்கப்பெற்றது. ஓங்கில் என்பது டால்பின். கலங்கல் நீரில் வாழும் அவ்வுயிர்க்குக் கண் ஏறத்தாழ இல்லை. ஒலி எழுப்பி, அதன் எதிரொலியால் வழியறியும். மூச்சுக்காக நீரின்மேல் வந்தே ஆகவேண்டும். வலையிற் சிக்கினால் மூச்சின்றி மடியும். அதன் கொழுப்பு மீன் பிடிக்கும் இரையாகப் பயன்பட்டமையால் கொல்லவும் பட்டது. பாட்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். கே. சின்கா அதன் வாழ்வை ஆராய்ந்ததோடு, மீன்கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயே அவ்விரைக்குப் போதும் என்றும் மீனவர்க்குக் காட்டினார். 2009-இல் அது நாட்டின் நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பெற்றது. 2025-இல் வெளியான கணக்கெடுப்பு நம் நாட்டு ஆறுகளில் 6,327 ஓங்கில்கள் உள்ளன என்று கூறுகின்றது. கங்கையம்மையின் ஊர்தி மகரம் என்பர்; அவள் ஊர்தியைக் காப்பதும் அவள் பணியே.

அதே கரையில் மீனவரும் வாழ்கின்றனர். ஓடும் ஆற்றுக்கே உரிமை கொண்டாடி அவர்களிடம் வரி பெற்ற நீர்ச் சமீன்தாரி முறை, நாடு விடுதலை பெற்ற பின்னும் அங்கே நீடித்தது. 1975-இல் இயங்கத் தொடங்கிய பரக்கா அணையால் கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் மீனும் அருகிற்று. 1982-இல் ககல்காவில் அவர்கள் கங்கை விடுதலை இயக்கம் கண்டு, வன்முறையின்றிப் பல்லாண்டு போராடி, 1990-களின் தொடக்கத்தில் அச்சமீன்தாரியை ஒழித்தனர். ஆறு வேறு, விலங்கு வேறு, மக்கள் வேறு என்று பிரித்துக் காப்பது இயலாது என்பதை இக்கரை நமக்குக் காட்டுகின்றது.

நம் நாகையில் வாழ்ந்த அதிபத்த நாயனார் நாள்தோறும் வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவனுக்கு என்று கடலில் விடுத்தார். ஒரு மீனே அகப்பட்டு வறுமை சூழ்ந்த நாளிலும் விடுத்தார். பொன்மீன் கிடைத்த நாளிலும் விடுத்தார். கிடைத்தது அனைத்தும் எனக்கே என்று கொள்ளாமல் ஒன்றை விட்டுவிடுவதே அவருடைய சிவபூசை. காட்டிலும் ஆற்றிலும் அவ்வாறு விடவேண்டிய பங்கை விடாமையே நாம் கண்ட துன்பம் அனைத்திற்கும் வேர்.

நாம் செய்யத்தக்கன

நம்முள் பலர் கேதார யாத்திரை செல்பவர்கள். 2023-ஆம் ஆண்டில் மட்டும் அங்குச் சென்றோர் பத்தொன்பது இலட்சத்திற்கும் மேற்பட்டவர். ஆதலின் அம்மலையின் பாரத்தில் நாமும் ஒரு பங்கு. நடக்க இயன்றவர் நடந்து செல்க. மான் வாழும் காட்டின்மேல் ஊர்திகள் தாழப் பறந்து ஒலி எழுப்புவதை அவர்களேனும் குறைக்கலாம். கொண்டுசென்ற பிளாஸ்டிக் உறையையும் புட்டியையும் கொண்டே திரும்புக. கழுதைக்கும் குதிரைக்கும் தாங்கும் அளவே சுமை ஏற்றுக.

இவ்வூரிலும் பணி உண்டு. தில்லைவனம், கடம்பவனம், திருமறைக்காடு, திருவாலங்காடு என்று நம் தலங்கள் காட்டின் பெயரையே தாங்கியுள்ளன. தில்லை மரத்தை இன்று காணவேண்டுமாயின் பிச்சாவரத்து உப்பங்கழிக்குச் செல்லவேண்டும். காடாக இருந்தது ஒரு தலமரமாகச் சுருங்கிவிட்டது. அவ்வொன்றின் விதையையேனும் பலவாக நடுவோம். நீராடிய ஆடையை ஆற்றில் விட்டால் வினை நீங்கும் என்று கருதித் துணியைக் குவிக்க வேண்டா. வினை பற்றியிருப்பது உயிரை, துணியை அன்று. திருக்குளத்தில் எண்ணெய்த்தாளும் கற்பூர உறையும் விழாது காப்போம். அப்பரடிகள் கையில் ஏந்தியது உழவாரப் படை. திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கிய அப்பணியை ஆற்றங்கரை வரை நீட்டிப்பது அவருக்கு உவப்பாகும். மாதம் ஒரு நாள் இவ்வூர் இளைஞர்கள் அதற்கு முன்வருவார்களாயின், இவ்விழாவின் பயன் விழாவோடு முடியாது.

இன்னும் சில நாளில் தீர்த்தவாரி நிகழும். அத்திரமூர்த்தியோடு நாமும் நீரில் இறங்குவோம். இறங்குமுன் அந்நீர் எங்கிருந்து வந்தது, எந்தக் காடு அதனைத் தாங்கி விடுத்தது, நம் துறைக்குக் கீழே யார் அதனை உண்பார் என்று ஒரு கணம் எண்ணுவோம். அவ்வெண்ணத்தோடு மூழ்கும் நீராட்டே முழுமையான நீராட்டு. ஆறுகள் இடையறாது ஓடவும், காடுகள் தழைக்கவும், ஊமை உயிர்கள் அச்சமின்றி வாழவும், மலையிலும் கரையிலும் வாழும் மக்கள் இடர் நீங்கி இனிதிருக்கவும், கங்கை தாங்கிய பெருமான் திருவடிகளையும் மலைமகள் திருவடிகளையும் வணங்கி இவ்வுரையை நிறைவு செய்கின்றோம்.

திருச்சிற்றம்பலம்